உப்பில் கருகிய வெங்காயத் தாமரை

சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தம்பி போன வாரம் வீடு தேடி வந்தார். நாலு பேர் கூடிய இடத்தில் நான் இருந்தால் சிரிப்புக்குக் குறைவிருக்காது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "அண்ணே, சிரிக்கிற மாதிரி எழுதுங்க. மத்தவங்க அனுப்பினதைப் படிச்சா எழவு வீட்டுக்குப் போன மாதிரி இருக்கு" என்றார். சரி என்றேன். கிள்ளானில் இருபத்தாறு வருஷம் கொசு எண்ணெய் ஊற்றும் ஆட்களுக்கு மேஸ்திரியாக, மண்டோராக இருந்தவன் நான். ஓய்வு கொடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது. வீட்டில் உட்கார்ந்து குடத்துத் தண்ணீரில் புழு இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு உத்தியோகம் இல்லை.

காப்பி குடித்துவிட்டு எழுந்தவர், வாசலில் நின்று இன்னொன்று கேட்டார். இந்துச் சுடுகாட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் முழுக்க ஊதாப் பூச்செடி அடைத்துக்கொண்டிருக்கிறதாம். அடுத்த மாதம் ஆள் விட்டு எடுக்கச் சொல்லி ஆபீசில் உத்தரவாம். "அது அங்க எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியலை. உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாது தம்பி" என்றேன்.

எனக்குப் பயம் வந்தால் மூளை முதலில் லீவு போட்டுவிடும். வாய் மட்டும் டியூட்டியில் இருக்கும். அன்றைக்கும் வாய்தான் பதில் சொன்னது. மூளை திரும்பி வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அது வந்த பிறகு எழுதுகிறேன். தம்பி கேட்ட மாதிரி முதலில் கொஞ்சம் சிரிப்பு வரும். அதற்குமேல் உத்தரவாதம் இல்லை.

நான் வேலை கற்றது பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே ஆட்கள் குடியிருந்த லயத்துச் சாக்கடைகளில். கையில் பூவாளி, அதில் மண்ணெண்ணெயும் கறுப்பு எண்ணெயும் கலந்த கலவை. தேங்கின தண்ணீர் எங்கே இருந்தாலும் மேலே ஓர் ஏடு படிகிற மாதிரி ஊற்ற வேண்டும். கொசுப்புழு மூச்சு விட மேலே வரும்; எண்ணெய் ஏடு அதன் மூக்கை அடைத்துவிடும். அவ்வளவுதான் சாஸ்திரம். இரண்டு வருஷம் ஊற்றினேன். எண்ணெய் நாற்றத்தால் பெண் கொடுக்கத் தயங்கினார்கள். பிறகு கிள்ளானுக்கு மாற்றி, ஆறு ஆளைக் கையில் கொடுத்து, மண்டோர் ஆக்கினார்கள். மண்டோர் ஆனதும் பெண் கிடைத்தது. அதே நாற்றம்தான்.

கிள்ளானில் எனக்கு மேல் இருந்தவர் நாகலிங்கம் இன்ஸ்பெக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு பொட்டுச் சேறு படாமல் நாள் முழுக்கச் சேற்றில் நடப்பார். எப்படி என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. கத்தமாட்டார். திட்டமாட்டார். நீளக் கம்பின் நுனியில் வெள்ளை எனாமல் கோப்பை ஒன்றைக் கட்டி வைத்திருப்பார். வாய்க்கால் ஓரம் நிழல் விழாத பக்கமாக நின்று, கோப்பையைச் சாய்த்து, தண்ணீர் தானே உள்ளே வழிந்துவருமாறு எடுப்பார். வேகமாக மொண்டால் புழு அடியில் ஓடிவிடும். எடுத்த பிறகு முப்பது எண்ணும் வரை அசையமாட்டார். தலைகீழாகத் தொங்கும் புழு சும்மா கடிக்கிற கொசு. தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடக்கும் புழு காய்ச்சல் கொசு. படுத்துக் கிடப்பது தென்பட்டால் கோப்பையை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். அந்த முப்பது எண்ணிக்கைக்குள் நான் மாரியம்மனுக்கு இரண்டு தடவை மொட்டை போட்டிருப்பேன். என் தலையில் முடி இல்லாததற்குக் காரணம் தேடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மண்டோர் தினம் தினசரிப் புத்தகம் எழுத வேண்டும். இன்ன வாய்க்கால், இன்ன அளவு எண்ணெய், இன்ன இடம் சரி, இன்ன இடம் பழுது. முதல் வாரமே இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். "மண்டோர், உம்மட கண்ணை நான் நம்பிறன். உம்மட காலை நம்பேலாது. போய்ப் பாத்திட்டு எழுதும். எழுதிப்போட்டுப் போகாதையும்."

என் பகுதியின் கடைக்கோடியில் ஆற்றோரம் ஒரு மண்கரை. கரையின் நடுவே ஒரு பலகைக் கதவு, மேலே கீல் வைத்து வெளிப்பக்கமாகத் தொங்கும். கடல் வற்றும்போது உள்ளே சேர்ந்த மழைத் தண்ணீர் தள்ள, கதவு தானே திறக்கும். கடல் ஏறும்போது ஆற்றுத் தண்ணீர் வெளியிலிருந்து தள்ள, தானே மூடிக்கொள்ளும். ஆள் வேண்டாம், சாவி வேண்டாம். உப்புத் தண்ணீர் உள்ளே வந்து நல்ல தண்ணீரோடு கலந்து வெயிலில் கிடந்தால் அதில் வளர்வதற்கென்றே ஒரு கொசு உண்டு. எங்கள் பக்கத்தில் ஆளைக் கொல்லும் காய்ச்சல் அந்தக் கொசுவுடையது. ஆகவே எங்கள் வேலை முழுவதும் ஒரு பக்கம், அந்தக் கதவு ஒரு பக்கம்.

அந்தக் கதவிலிருந்து முக்கால் கட்டை, ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவு, உள்ளே தள்ளி, பெரிய வாய்க்காலை ஒட்டி எங்கள் ஆட்களின் லயம். அங்கேதான் சடையன் இருந்தான். என் ஆறு பேரில் மூத்தவன், நான் சொல்லும் நகைச்சுவைக்கு முதலில் சிரிப்பவன். அவன் மனைவி குப்பம்மாள் நான் சொல்வதற்குப் பதில் நகைச்சுவை சொல்பவள். லயத்து அம்மன் கோயிலுக்குப் பூக் கட்டுவது அவள் பொறுப்பு.

யுத்தம் முடிந்த மறு வருஷம் என்று நினைக்கிறேன். மேட்டில் ஒரு துரை பங்களாவின் தோட்டத்தொட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். அதில் மிதந்தது அந்தப் பூ. ஊதா நிறம், நடு இதழில் மயில் கண் மாதிரி மஞ்சள் பொட்டு. காம்பு வெங்காயம் போல உப்பியிருந்தது. தோட்டக்காரர் மலாய்க்காரர், வேண்டுமானால் எடுத்துக்கொள், நாங்கள் வாரம் ஒரு கூடை வெளியே கொட்டுகிறோம் என்றார். மனிதர் அத்தனை தாராளமாகக் கொடுக்கிறாரே என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எண்ணெய் டின்னைக் கழுவி இரண்டு செடி போட்டுக்கொண்டு வந்தேன். நம்மவர்கள் இதை வெங்காயத் தாமரை என்பார்கள். தாமரைக்கு ஏங்கிக் கிடந்த லயத்து அம்மனுக்கு இதுவாவது கிடைக்கட்டும் என்று குப்பம்மாளிடம் கொடுத்தேன். எண்ணெய் மண்டோர் பூக் கொண்டுவந்தான் என்று லயமே வேடிக்கை பார்த்தது. அவள் ஒன்றை வாசலில் பாதிப் பீப்பாயில் விட்டாள். இன்னொன்றைக் கோயிலுக்குப் பின்னால் வாய்க்காலில் விட்டாள்.

ஐந்து மாதத்தில் வாய்க்கால் இருந்த இடம் தெரியவில்லை. ஒரு கோழி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தே போயிற்று. எண்ணெய் ஊற்றினால் இலையின் மேல் நின்றது, தண்ணீருக்குப் போகவில்லை. பிடுங்கலாம் என்றால் அம்மன் பூவைப் பிடுங்காதே என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். நாகலிங்கம் இன்ஸ்பெக்டர் கோப்பையை விட இடம் தேடிக் கரையோரம் நடந்தார், நடந்தார், நின்றார்.

"உதென்ன, மண்டோர்?"

"பூங்க ஐயா."

"பூவெண்டு எனக்கும் தெரியும். திங்கக்கிழமை பெரிய டொக்டர் வாறார். அதுக்கு முந்தி எல்லாத்தையும் இழுத்து, கரையில வேர் மேல வரப் போட்டு, காய விட்டு எரியும். ஆத்தில விடாதையும்."

அன்று வியாழக்கிழமை. எனக்கு முன் இருந்த மண்டோரை ஒரு கோப்பைப் புழுவுக்காக அந்தப் பெரிய டாக்டர் வேலையை விட்டு அனுப்பியிருந்தார். வெள்ளி முழுக்க இழுத்தோம். ஆறு பேர் இழுத்தால் ஒரு பாய் அகலம் வரும். ஈரத்தோடு அதன் பாரம் பன்றிப் பாரம். சனிக்கிழமை மத்தியானம் பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூடக் கரை ஏறவில்லை. என் மூளை லீவு விண்ணப்பம் எழுத ஆரம்பித்தது. சட்டைப் பொத்தானை எண்ணினேன். ஐந்து இருந்தது, நான்கு வந்தது. அப்போது கடல் வற்றிக்கொண்டிருந்தது. கதவு தன்பாட்டில் திறந்திருந்தது. "அறுத்துத் தள்ளுங்கப்பா ஆத்துக்கு" என்றேன்.

அழகாகப் போயிற்று. பாய் பாயாக, பூவோடு, ஊர்வலம் போகிற மாதிரி. நான் கரையில் நின்று போகிறவர்களுக்கு வணக்கம் வைத்தேன். ஆட்கள் சிரித்தார்கள். சாயங்காலம் கடல் திரும்பும் நேரத்தில் கடைசிப் பாய் கதவின் வாயில் பாதியில் நின்றுவிட்டது. சடையன் வேட்டியை மடித்துக் கட்டினான்.

"மண்டோரே, வாயில மாட்டிக்கிச்சு. எறங்கி எடுத்துடட்டுமா?"

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு மேட்டுப் பக்கத்தில் இன்னும் எண்ணெய் வேலை பாக்கி. "விடுப்பா. நாளைக்கு வத்தறப்ப தானா போயிடும். காலையில நான் வந்து பாத்துக்கிறேன்" என்றேன்.

மறுநாள் காலையில் போகவில்லை. திங்கட்கிழமை பெரிய டாக்டர் வந்தார், லயத்து வாய்க்காலைப் பார்த்தார், தண்ணீர் தெரிந்தது, தலையாட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலில் எனக்கு ஏறின போதை ஒரு வாரம் இறங்கவில்லை. ஆட்களை ஊர்ப் பக்கத்து வாய்க்கால்களுக்கு அனுப்பினேன். நானும் போனேன். கதவடிக்குப் போகிற பாதையில் சேறு அதிகம். தினசரிப் புத்தகத்தில் மட்டும் நாள்தோறும் போனேன். "கதவு சரி" என்று எழுதினேன். இரண்டே வார்த்தை. சில நாள் அதையும் எழுத மறந்து, சனிக்கிழமை உட்கார்ந்து வரிசையாக எழுதினேன்.

அமாவாசை வந்து போயிற்று. வாய்க்காலில் மிச்சம் கிடந்த செடிகள் விளிம்பு கருகின. பிறகு இலை கருகிற்று. பிறகு தண்டோடு அழுகி அடியில் போயிற்று. நான் பிடுங்கவில்லை, வெட்டவில்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே செத்தது. தொழில் தெரிந்தவன் அங்கே ஒரு கேள்வி கேட்டிருப்பான். ஐந்து மாதம் எதற்கும் அசையாத செடி ஏன் தானாகச் சாகிறது? நான் கேட்கவில்லை. மண்டோரின் கால் தூசு பட்டாலே செடி கருகிவிடும் என்று ஆட்களிடம் பீற்றிக்கொண்டேன். புத்தகத்தில் "வெங்காயத் தாமரை முற்றும் ஒழிக்கப்பட்டது" என்று பெரிய எழுத்தில் எழுதினேன். இன்ஸ்பெக்டர் அந்த வரியைப் பாராட்டினார்.

அந்த நாட்களில் ஒரு காலை. குப்பம்மாள் வாய்க்காலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஆறு மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டானது. என்னைப் பார்த்ததும் கூப்பிட்டாள்.

"அண்ணே, வாய்க்காத் தண்ணிக்கு என்ன ஆச்சு? சவுக்காரம் தேயுது, நுரை வரமாட்டேங்குது."

"நல்ல சவுக்காரமா வாங்கித் தரச் சொல்லும்மா. சடையன் கஞ்சன். அவன் வாங்கினா அதுவும் நுரைக்க யோசிக்கும்" என்றேன்.

அலசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே நடந்தேன். உப்புத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது. இதைத் தெரிந்துகொள்ள இன்ஸ்பெக்டர் உத்தியோகம் வேண்டாம். துணி துவைத்தவர்களுக்கெல்லாம் தெரியும். அவள் என் வாயில் கொண்டுவந்து ஊட்டினாள். நான் அதை நகைச்சுவையாக்கித் துப்பினேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் லயத்தில் முதல் காய்ச்சல். பிறகு வீட்டுக்கு ஒன்று. காலையில் வரிசையில் நிறுத்திக் காய்ச்சல் மருந்து, கொயினாத் தண்ணீர் கொடுத்தோம். வாங்கிக் குடித்தவர்களே சாயங்காலம் பல் கிடுகிடுக்கக் கோணிக்குள் புகுந்தார்கள். குப்பம்மாளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வரவில்லை. வந்தது இறங்கவே இல்லை. மூன்றாம் நாள் சடையனை அடையாளம் தெரியவில்லை. மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வண்டிக்குள் அவள் கை துணி அலசுவது போலவே அசைந்துகொண்டிருந்தது.

நாகலிங்கம் இன்ஸ்பெக்டர் வந்து வாய்க்கால் ஓரம் நின்றார். கோப்பையைச் சாய்த்தார். எண்ணவில்லை, எண்ணத் தேவையில்லாத அளவுக்குப் படுத்துக் கிடந்தன. பிறகு நான் அதுவரை பார்க்காத ஒன்றைச் செய்தார். விரலை அந்தத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்தார். துப்பினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

"நீரும் ருசி பாரும்."

பார்த்தேன்.

"என்ன ருசி?"

"தண்ணி ருசிங்க ஐயா" என்றது என் வாய்.

"ஓம். கடல் தண்ணி."

முக்கால் கட்டை தூரம் அவர் முன்னால், நான் பின்னால். அன்றைக்குத்தான் அவருடைய வெள்ளைக் கால்சட்டை முழங்கால் வரை சேறானது. கதவு ஒரு சாண் திறந்தபடி நின்றது. வேரும் தண்டும் கறுத்துக் கட்டியாகி ஆப்பு அடித்த மாதிரி இடுக்கில் இறுகியிருந்தன. அதன் வழியாக ஆறு உள்ளே வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல், அங்கே குடியிருப்பது போல.

"எப்ப கடைசியா இஞ்ச வந்தனீர்?"

"புத்தகத்துல இருக்குங்க ஐயா."

"புத்தகத்தில இருக்கிறது எனக்குத் தெரியும். நான்தானே வாரா வாரம் கையெழுத்து வச்சனான்."

நான் இறங்கிப் பிடுங்கினேன். கால் மணி நேர வேலை. கால் மணி நேரம்தான். கதவு ஒரு தட்டுத் தட்டி மூடிக்கொண்டது.

அறிக்கையை இன்ஸ்பெக்டரே எழுதினார். அமாவாசைக் கடல் பொங்கி, மிதந்துவந்த குப்பை கதவில் சிக்கியது என்று எழுதினார். என் புத்தகத்தைக் காட்டியிருந்தால் அவர் கையெழுத்தையும் காட்ட வேண்டியிருந்திருக்கும். எனக்குப் புரிந்தது, எனக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்தது. அதுவரை என்னை 'நீர்' என்று பேசியவர் அன்று முதல் 'நீங்கள்' என்றார். ஊருக்குத் திரும்பிக் கப்பல் ஏறும் வரை அப்படித்தான். அந்த மரியாதையைப் போல என்னை யாரும் அடித்ததில்லை.

குப்பம்மாள் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். முதலில் வயிற்றில் இருந்தது போயிற்று. மறுநாள் அவள். லயத்தில் இன்னும் மூன்று வீட்டில் அழுகை கேட்டது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டுத் திரும்பும்போது சடையன் என் பக்கத்தில் நடந்தான்.

"மண்டோரே, அன்னைக்குக் கதவுல மாட்டினது... மறுநாள் நீங்க போய்ப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேம்பா. சுத்தமாப் போயிருந்துச்சு. இது கடல் பொங்கின வேலை."

அவன் நின்றுவிட்டான். "அப்பச் சரி. எனக்குத்தான் மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. நீங்க வேணாம்னாலும் நான் எறங்கி எடுத்திருக்கணுமோ, நான்தான் அவளைக் கொன்னுட்டேனோன்னு" என்றான். அங்கேயே உட்கார்ந்து, அதுவரை அழாதவன், நிம்மதியாக அழுதான். நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். என் ஜென்மத்தில் நான் செய்த அசிங்கமான காரியம் அந்தத் தட்டிக்கொடுத்தல்.

வாய்க்காலில் செத்துப்போன செடி, வாசல் பீப்பாயில் நல்ல தண்ணீரில் பிழைத்திருந்தது. அவளுக்குப் பிடித்த பூ என்று சடையன் அதை எடுத்துப்போய் ஒரு சிமெண்டுத் தொட்டியில் விட்டுச் சுடுகாட்டில் அவள் குழியின் தலைமாட்டில் வைத்தான். தேங்கின தண்ணீர் எங்கே கண்டாலும் கவிழ்ப்பது என் சட்டம். கிள்ளானில் நான் கவிழ்க்காத பானை இல்லை, கோயில் அண்டாவைக்கூட விட்டதில்லை. அந்தத் தொட்டி ஒன்றைத்தான் தாண்டிப் போனேன். வாரம் ஒரு தரம் யாரும் பார்க்காமல் ஒரு கை எண்ணெய் தெளித்துவிட்டு வருவேன். மழைக்குத் தொட்டி வழியும். வழிந்தது பள்ளத்துக்குப் போயிற்று. பள்ளம் வாய்க்காலுக்குப் போயிற்று. செயலாளர் தம்பி, நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். துரை தோட்டத்துப் பூ சுடுகாட்டு வாய்க்காலுக்கு என் எண்ணெய் டின்னில் வந்தது.

அடுத்த மாதம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை நாள் ஆனாலும் இழுத்துக் கரையில் போடுங்கள். வேர் மேலே இருக்கட்டும். ஆற்றில் விடாதீர்கள். தொட்டியை மட்டும் சடையனைக் கேட்காமல் தொடாதீர்கள். இந்தக் கட்டுரைக்கு அப்புறம் அவனே கவிழ்த்தாலும் கவிழ்ப்பான்.

மலர் வெளியிடும் ஞாயிற்றுக்கிழமை, கட்டுரைகளைச் சபையில் வாசிப்பது நம் வழக்கம். சடையனுக்கு எழுத்துத் தெரியாது. காப்பிக்காக முன் பெஞ்சில் வந்து உட்காருவான். என்னுடையது என்றால் முதல் வரியிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவான். எந்த வரியில் அவன் நிறுத்துவான் என்று மூன்று நாளாக எழுதி எழுதிப் பார்க்கிறேன். தம்பி, அவன் முகத்தைப் பார்த்து நீங்கள் நிறுத்திவிடக் கூடாது. இதையும் வாசித்துவிடுங்கள்:

சடையா, நீ இறங்கி எடுக்கிறேன் என்றாய். நான்தான் விடு என்றேன். மறுநாள் நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த நாளும் போய்ப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவன் பக்கத்தில் அதே பெஞ்சில்தான் உட்காருவதாக இருக்கிறேன். வாசலிலேயே என் செருப்பைக் கழற்றிச் செயலாளர் தம்பியிடம் கொடுத்துவிடுவேன். கூட்டம் முடியும் வரை அவர் திருப்பித் தரக் கூடாது. நாகலிங்கம் இன்ஸ்பெக்டர் சொன்னது சரி. என் காலை நம்ப முடியாது.